காமன் கூத்தில் ரதி: ஒரு பாத்திர ஆய்வு

மாசி மாதத்து அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தென்படும் நாளில் மலையகத் தோட்டங்கள் பலவற்றில் காமன் ஊன்றப்படுகின்றது. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, நுவரெலியா எனத் தேயிலை வளரும் பிரதேசங்கள் எங்கும் மக்கள் இக்கூத்தை வெறும் பொழுதுபோக்காகக் கருதாது தெய்வ காரியமாகவே பேணி வந்துள்ளனர். காமன் ஊன்றிய நாள் தொடக்கம் பௌர்ணமி வரையிலும் இரவுகளில் தப்பொலி கேட்கும். ரதிக்கும் மதனுக்கும் திருமணம் நடக்கும். நிறைவில் சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்க, மதன் எரிவான். மூன்றாம் நாள் அவன் மீண்டும் எழுப்பப்படுவான். தோட்டத்துக்குத் தோட்டம் பாடலும் ஆட்டமும் சிறிது மாறினாலும் கதையின் ஓட்டம் இதுவேயாகும்.

அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய கூத்துக்களும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கவை. எனினும் ஊர் முழுவதையும் அழ வைக்கும் வல்லமை காமன் கூத்துக்கே உரியது எனலாம். அந்த அழுகைக்குக் காரணமானவள் ரதி. இக்கூத்து காமனின் பெயரால் வழங்கினாலும் அதன் உயிர் ரதியிடமே உள்ளது என்பதைப் புராணத்தோடும் பிறமொழிக் காவியங்களோடும் ஒப்பிட்டு ஆராய்வது பயனுடையது.

வழக்கமான விளக்கம்

காமதகனத்துக்கு ஆலயப் பிரசங்கங்களில் ஒரு தத்துவப் பொருள் கூறப்படுவதுண்டு. காமன் என்பது ஆசை, நெற்றிக்கண் என்பது ஞானம், ஞானத்தின் முன் ஆசை சாம்பலாகும் என்பதே அது. இது பிழையான விளக்கம் அன்று. சனகாதி முனிவர் நால்வருக்கு மோன நிலையில் உபதேசம் செய்யும் இறைவன் முன் மலரம்பு தோற்பதை வேறு எவ்வாறு சொல்வது? தமிழகத்தில் மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள திருக்குறுக்கை, காமனை எரித்த தலமாக அட்ட வீரட்டானங்களுள் ஒன்றாகப் போற்றப்படுவதும் இந்த உண்மையைக் கருதியே.

ஆனால் இவ்விளக்கத்தில் ரதிக்கு இடமில்லை. ஆசை எரிந்தது என்பதோடு கதை முடிவதானால் அந்த ஆசைக்கு ஒரு மனைவி எதற்கு? அவள் தலைவிரி கோலமாய் வந்து அழுவது எதற்கு? கூத்தில் எரிப்பு சிறிது நேரத்தில் முடிந்துவிடுகின்றது. அதற்கு முன் நடக்கும் ரதி மதன் தர்க்கமும் பின் நடக்கும் புலம்பலுமே இரவை நிரப்புகின்றன. கூத்தை வளர்த்தவர்கள் எதைப் பெரிதாக எண்ணினார்கள் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

மதன் ஏன் சென்றான்?

ரதியை அறிவதற்கு முன் மதனை அறிய வேண்டும். கரும்பு வில்லும் வண்டு நாணும் தாமரை, மா, அசோகு, முல்லை, நீலம் என்னும் ஐந்து மலரம்புகளும் உடையவன் அவன். எவரையும் கொல்லாத படை அது. அத்தகையவன் கயிலைக்கு ஏன் போனான் என்பதில் நூல்கள் ஒன்றுபடவில்லை.

சுமார் 1500 ஆண்டுகளுக்கு முன் காளிதாசர் இயற்றிய குமாரசம்பவம் என்னும் வடமொழிக் காவியத்தில், தாரகாசுரனால் துன்புற்ற தேவர்களின் பொருட்டு இந்திரன் காமனை அழைக்கின்றான். இந்திரன் தன் அருகில் ஆசனம் தந்து உபசரிக்க, காமன் பெருமிதம் தலைக்கேறி, தோழனாகிய வசந்தன் துணையிருந்தால் சிவனுடைய உறுதியையும் கலைப்பேன் என்று தானாகவே சொல்லிவிடுகின்றான். புகழ்ச்சியில் மயங்கி வாக்குக் கொடுத்துவிட்டு, பின்னர் அதிலிருந்து விலக முடியாதவன் இந்தக் காமன்.

காஞ்சிபுரத்துக் கச்சியப்ப சிவாசாரியார் அருளிய கந்தபுராணத்திலோ நிலைமை வேறு. உற்பத்திக் காண்டத்துக் காமதகனப் படலத்தில் காமனை ஏவுபவர் பிரமதேவர். சிவன்மேல் அம்பு எய்வதா என்று காமன் நடுங்கி மறுக்கின்றான். பிரமர் சபிப்பதாக மிரட்டுகின்றார். பிரமனின் சாபத்தால் அழிவதைக் காட்டிலும் சிவபெருமானால் அழிவது மேல் என்று எண்ணியே அவன் புறப்படுகின்றான். இங்கே செருக்குக் கிடையாது. போனாலும் அழிவு, போகாவிட்டாலும் அழிவு என்ற இக்கட்டில் அகப்பட்டவன் இவன்.

கூத்தின் மதன் இவ்விருவரும் கலந்தவன். தன் அம்பின்மீது அவனுக்குப் பெருமை உண்டு. அதே வேளை மேலிடத்து ஓலை வந்துவிட்டால் மறுக்க முடியாது என்பதும் அவனுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று, இன்ன மலைக்குப் போ என்ற கட்டளையைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு இந்த மதனை விளங்கிக்கொள்ள உரையாசிரியர் தேவைப்படவில்லை.

ரதியின் தர்க்கம்

தர்க்கப் பகுதியில் ரதி பலவாறு சொல்லித் தடுக்கின்றாள். கெட்ட கனவு கண்டதைச் சொல்கின்றாள். சிவனுடைய தவத்தைக் கலைக்கச் சென்றவர் திரும்பியதில்லை என்கின்றாள். இதனைப் பெண்ணின் பேதைமை என்றும் சகுனப் பயம் என்றும் எண்ணுவது பொருந்தாது. அவள் சொன்ன ஒவ்வொன்றும் நடந்துவிடுகின்றது. கூத்தில் வரும் பாத்திரங்களுள் நடக்கப்போவதைச் சரியாகக் கணித்தவள் அவள் ஒருத்தியே. தேவர் தலைவனுக்கும் இல்லாத தெளிவு அவளிடம் இருந்தது. சிவனின் பெருமையை உணர்ந்து பேசுபவளும் அவளே. அவ்வகையில் நோக்கினால் இக்கதையின் முதல் சிவபக்தை ரதிதான்.

இதற்கு நிகரான காட்சி ஒன்று கிரேக்க நாட்டில் சுமார் 2700 ஆண்டுகளுக்கு முன் தோன்றிய இலியட் காவியத்தில் உண்டு. ஹோமர் பாடியதாகக் கூறப்படும் அந்நூல் 24 பாகங்களைக் கொண்டது. ட்ரோய் நகரைக் கிரேக்கர் முற்றுகையிட்டிருக்கின்றனர். ஆறாம் பாகத்தில் அந்நகரின் முதன்மை வீரனான ஹெக்டர் போர்க்களத்தில் இருந்து சிறிது நேரம் நகருக்குள் வருகின்றான். கோட்டை வாயிலில் அவன் மனைவி அன்ட்ரொமகி குழந்தையோடு வந்து எதிர்ப்படுகின்றாள். அவளுடைய தந்தையையும் ஏழு சகோதரர்களையும் அக்கிலஸ் என்ற கிரேக்க வீரன் முன்னரே கொன்றுவிட்டான். தாயும் இறந்துவிட்டாள். இனி எனக்குத் தாயும் தந்தையும் உடன்பிறப்பும் கணவனும் நீரே, வெளியில் போகாதேயும் என்ற கருத்துப்பட அவள் கெஞ்சுகின்றாள். அழுவதோடு நில்லாமல், மதிலின் எந்தப் பகுதி பலவீனமானது, படையை எங்கே நிறுத்த வேண்டும் என்று போர் யோசனையும் கூறுகின்றாள். ஹெக்டர் மறுக்கின்றான். பின்வாங்கினால் ஊரார் முகத்தில் விழிக்க வெட்கமாகும் என்கின்றான். தன் நகரம் ஒருநாள் அழியப் போவதும் அவனுக்குத் தெரிந்தே இருக்கின்றது. தலைக்கவசத்தைக் கண்டு குழந்தை வீரிட்டு அழ, அதனைக் கழற்றி வைத்துக் குழந்தையை முத்தமிட்டுவிட்டுப் போய்விடுகின்றான். அவன் உயிரோடிருக்கும்போதே வீட்டுப் பெண்கள் அவனுக்காக ஒப்பாரி வைக்கத் தொடங்குகின்றனர்.

இருபத்திரண்டாம் பாகத்தில் அவன் கொல்லப்படுகின்றான். அவ்வேளை அன்ட்ரொமகி தறியில் நெய்துகொண்டிருக்கின்றாள். களைத்து வரும் கணவன் குளிக்க வெந்நீர் வைக்குமாறு பணிப்பெண்களிடம் சொல்லியிருக்கின்றாள். மதிலில் இருந்து அழுகுரல் கேட்கின்றது. அடுப்பில் அந்த நீர் வீணாகக் கொதிப்பதை எண்ணினால் எந்த நாட்டவருக்கும் நெஞ்சு கனக்கும்.

தேயிலை மலைகளில் காமன் கூத்து ஆடியவர்கள் இலியட்டை அறிந்திருக்கவில்லை. ஹோமருக்கும் மதனைத் தெரியாது. ஆயினும் இரு கதைகளிலும் தடுப்பவள் மனைவி, அவள் சொல்வது சரி, கணவன் போகின்றான், போனவன் வரவில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு. ஹெக்டர் தன் ஊரைக் காக்கப் போனான். மதனோ பிறருடைய காரியத்துக்காகப் போனான். சூரபன்மன் அழிய வேண்டும், அதற்கு முருகன் பிறக்க வேண்டும், அதற்குச் சிவன் பார்வதியை மணக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் தேவர்களுடையது. அந்தக் கணக்கில் மதன் ஒரு செலவு. அவன் எரிந்தபோது இந்திரலோகத்தில் எவருக்கும் ஒரு மயிரும் கருகவில்லை.

கோபத்தை அடக்குக என்று தேவர்கள் வானில் நின்று கூவியதாகவும், அந்தக் குரல் இறைவனைச் சென்றடையுமுன் மதன் சாம்பலாகிவிட்டதாகவும் காளிதாசர் காட்டுகின்றார். ஏவியவர்களின் இரக்கம் எப்போதும் இப்படித்தான் காலம் தாழ்த்தி வரும் போலும்.

புலம்பல்

குமாரசம்பவத்தின் நான்காம் சருக்கம் முழுவதும் ரதியின் துயரத்துக்கே உரியது. மயக்கம் தெளிந்து கண் திறக்கும் அவள் கணவனைத் தேடுகின்றாள். தரையில் ஆண் வடிவில் சாம்பல் மட்டும் கிடக்கின்றது. புரண்டு அழுகின்றாள். அப்போது அவளைத் தேடி வருபவன் இந்திரன் அல்லன். மதனின் தோழனான வசந்தனே வருகின்றான். அவனைக் கண்டதும் அவள் துயரம் பன்மடங்காகப் பெருகுகின்றது. தன்னவர் முகத்தைக் கண்டால் துன்பத்தின் கதவு திறந்துகொள்ளும் என்பது காளிதாசரின் கருத்து.

இதனைத் தோட்டத்துப் பெண்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இழவு வீட்டில் அதுவரை சோர்ந்து கிடக்கும் பெண், அடுத்த தோட்டத்தில் இருந்து அக்காவோ சின்னம்மாவோ லயத்து வாசலில் கால் வைத்ததும் எழுந்து கட்டிக்கொண்டு ஒப்பாரி தொடங்குவதை அனைவரும் கண்டிருப்பர். கூத்தில் ரதி பாடுவது அந்த ஒப்பாரியையே. இறந்தவனின் அழகு, அவனோடு வாழ்ந்த வாழ்வு, தடுத்தும் கேளாமல் போன குறை, இனி யார் துணை என்ற கேள்வி என அதே வரிசையில் அது செல்கின்றது. புராணப் பெண் தோட்டத்து மொழியில் அழுகின்றாள். ஆகவேதான் சுற்றி நிற்கும் பெண்களும் அழுகின்றனர். அவர்கள் அழுவது ரதிக்காக மட்டும் அன்று.

அவர்கள் அழுவதற்கு வேண்டிய காரணங்கள் மலையக வரலாற்றில் நிறையவே உண்டு. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலம் முதல் தமிழகத்தில் இருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியில் நோய்க்கும் பட்டினிக்கும் பலியானவர்களைப் பாதையோரத்தில் விட்டுவிட்டே மற்றவர்கள் நடக்க நேர்ந்தது. அழுவதற்கும் நேரமில்லாத சாவுகள் அவை. பின்னர் 1948இல் கொண்டுவரப்பட்ட பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாகியது. கொழும்பிலும் டில்லியிலும் எண்களாகப் பேசப்பட்டவர்கள் இங்கே அண்ணன் தம்பியாகவும் தாய் மகளாகவும் இருந்தவர்கள். பெற்றோருக்கு ஒரு நாடு, மணமுடித்த மகளுக்கு மறு நாடு என்று வந்தது.

அவர்களை ஏற்றிக்கொண்டு மலைநாட்டில் இருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மக்கள் இட்ட பெயர் ஒப்பாரிக் கோச்சி. இறந்தவருக்கு வைக்கும் அழுகையை உயிரோடு போகின்றவருக்கு வைத்தார்கள். ஹெக்டர் உயிரோடிருக்கும்போதே அவன் வீட்டில் எழுந்த ஒப்பாரியை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

இத்தகைய மக்கள் மாசி மாதம்தோறும் ரதியின் துயரத்தை ஆடிக் காட்டினார்கள். யாரோ எங்கோ எடுத்த முடிவினால் ஒரு குடும்பம் சிதைவது அவர்களுக்குக் கதை அன்று.

மூன்று பெண்கள்

கணவனை இழந்து நீதி கேட்ட பெண்கள் இந்தியக் காவியங்களில் பலர். மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் சாவித்திரி யமனின் பின்னால் நடந்து, அறிவார்ந்த பேச்சினால் வரங்களைப் பெற்றுக் கணவனின் உயிரை மீட்கின்றாள். சிலப்பதிகாரத்துக் கண்ணகி அரசன் முன் சிலம்பை உடைத்து வழக்கில் வெல்கின்றாள். ஆனால் மதுரை எரிந்த பின்னும் கோவலன் இந்த மண்ணில் மீளவில்லை. இலங்கையில் தமிழர் அவளைக் கண்ணகி அம்மன் என்றும் சிங்கள மக்கள் பத்தினி தெய்யோ என்றும் வழிபடுகின்றனர்.

ரதியின் நிலை இவ்விருவரினதையும் விடச் சிக்கலானது. சாவித்திரிக்கு எதிரே யமன் இருந்தான். கண்ணகிக்கு எதிரே தவறிழைத்த பாண்டியன் இருந்தான். ரதி யாரிடம் போவாள்? எரித்தவர் இறைவன். அவரைக் குற்றவாளி என்று சொல்ல அவள் பக்தி இடம் தரவில்லை. அவரிடம் கேளாமலிருக்க அவள் அன்பு இடம் தரவில்லை. காளிதாசரின் ரதி தீக்குளிக்க ஆயத்தமாகின்றாள். சிவன் பார்வதியை மணக்கும்போது உன் கணவன் மீள்வான் என்று வானில் எழுந்த குரலே அவளைத் தடுத்து நிறுத்துகின்றது. கந்தபுராணத்து ரதியோ எரித்தவரிடமே சென்று கேட்கின்றாள். கூத்து ரதியின் புலம்பலில் கோபமும் உண்டு, வேண்டுதலும் உண்டு. ஒரே வாசலில் நின்று சண்டையும் பிடித்து, அங்கேயே விழுந்தும் வணங்குகின்றாள். மாரியம்மன் சந்நிதியில், கண் இல்லையா உனக்கு என்று ஏசிவிட்டு அடுத்த கணம் கற்பூரம் ஏற்றுகின்ற கிழவியின் பக்தி இது. அதனைக் குறைந்த பக்தி என்று சொல்ல எந்தச் சாத்திரத்துக்கும் உரிமை கிடையாது.

மீட்சி

பார்வதி திருக்கல்யாணத்தின்போது இறைவன் ரதிக்கு இரங்குகின்றார். மதன் மீள்கின்றான். ஆனால் முன்போல அன்று. ரதியின் கண்ணுக்கு மட்டும் உருவம், மற்றவர்களுக்கு அருவம். அனங்கன், அதாவது உடல் இல்லாதவன், என்ற பெயர் இதனால் ஏற்பட்டது.

கிரேக்கக் கதை ஒன்று இதற்கு நேர் எதிராக அமைந்துள்ளது. ஒர்பியஸ் என்ற இசைவாணன் பாம்பு தீண்டி இறந்த மனைவி யூரிடைஸைத் தேடிப் பாதாளம் சென்றான். அவன் பாட்டில் உருகிய பாதாளத்து அரசன், அவள் உன் பின்னால் வருவாள், மேலே சேரும் வரை திரும்பிப் பாராதே என்று நிபந்தனையிட்டு அனுப்பினான். கடைசி அடியில் ஒர்பியஸ் திரும்பிப் பார்த்துவிட்டான். அவள் மறைந்துபோனாள். அங்கே அன்புடையவன் பார்த்ததனால் இழந்தான். இங்கே அன்புடையவள் ஒருத்திக்கே பார்க்கும் வரம் கிடைத்தது. உலகத்தாருக்கு இறந்தவன் அவளுக்கு இருக்கின்றான். இறந்தவர்களோடு தினமும் பேசிக்கொண்டு வாழும் முதியவர்கள் இல்லாத லயம் உண்டா? அவர்களைக் கேட்டால் இந்த வரத்தின் பொருளைச் சொல்வார்கள்.

இது முழுமையான மீட்சியா என்பது விவாதத்துக்குரியது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகையின்போது லாவணிப் பாடகர்கள் எரிந்த கட்சி, எரியாத கட்சி என இரண்டாகப் பிரிந்து விடிய விடிய வாதாடுவது பழைய வழக்கம். மன்மதன் எரிந்தான் என்று ஒரு சாரார் பாட, எரியவில்லை என்று மறுசாரார் புராண ஆதாரங்களோடு பதிலிறுப்பர். பள்ளிக்கூடம் போகாதவர்களும் அமர்ந்து கேட்டுத் தீர்ப்புச் சொன்ன இலக்கிய அரங்கு அது. அறநெறிப் பாடசாலைகளில் காமதகனத்தைப் படிப்பிக்கும்போது எரித்ததன் தத்துவத்தைச் சொல்வதோடு நிறுத்தாமல், ரதி சொன்னது சரியா, மதன் போயிருக்க வேண்டுமா, அவள் அழுதபோது இந்திரன் எங்கே இருந்தான் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பார்க்கலாம். பதில்கள் ஒன்றுபோல இராது.

சில தோட்டங்களில் கூத்து இன்றும் ஆண்டுதோறும் ஆடப்படுகின்றது. சிலவற்றில் பழக்குபவர் இல்லாமல் நின்றுபோயுள்ளது. ஆடப்படும் இடங்களில் மரபுப்படி ரதி வேடத்தை ஆண் ஒருவரே தாங்குகின்றார். விரதம் காத்து, சேலை கட்டி, மதனோடு வீடு வீடாக ஆடி வரும்போது பெண்கள் அவரை ரதியாகவே எண்ணி வணங்குவர். பகலில் அவர் தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டியிருக்கலாம், ஃபெக்டரியில் கொழுந்து மூட்டை சுமந்திருக்கலாம். தகன இரவில் அதே மனிதர் கூந்தல் அவிழ்த்து ஒப்பாரி தொடங்க, தப்பு தாளம் மாறுகின்றது. முன் வரிசையில் சால்வை போர்த்தி அமர்ந்திருக்கும் பாட்டிமார் அவரோடு சேர்ந்து மெல்ல இழுக்கத் தொடங்குகின்றனர்.